உது என்ன மரம்? இலையை வைச்சு வடிவு மரங்களைக் கண்டுபிடிக்கப் புதுசாப் பழகிறவைக்கு

யாழ்ப்பாணத்தில வடிவுக்கு வைச்ச மரங்களுக்குக் குறைவில்லை. றோட்டுக்கரை, கோயில் வீதி, பள்ளிக்கூட வளவு எண்டு எங்க பாத்தாலும் ஏதோ ஒண்டு நிக்குது, ஆனா உது என்ன மரம் எண்டு கேட்டா நெட்டையா நிண்டா அசோகு எண்டுவினம், பொடி இலையாக் கிடந்தா வாகை எண்டுவினம், அதோட கதை முடிஞ்சுது. இப்ப கனபேர் வெளிநாட்டில இருந்து வந்து பழைய வளவுகளைத் துப்பரவாக்கினம், எதை வெட்டுறது எதை விடுறது எண்டு தெரியாமல் நிக்கினம், வேற கொஞ்சப்பேர் நேர்சரிக்கு மரக்கண்டு வாங்கப்போய் லேபல் இல்லாத பைகளுக்கு முன்னால முழிச்சுக்கொண்டு நிக்கினம். இது அவைக்காகத்தான் எழுதிறன். தாவரவியல் படிச்சிருக்கத் தேவையில்லை, கண்ணும் கொஞ்சம் பொறுமையும் காணும்.

கையில ஒரு கொப்பி, பேனை, அடிமட்டம், போன் இருந்தால் சரி. பூதக்கண்ணாடி இருந்தால் நல்லம், இல்லாட்டி போன் கமெராவைக் கிட்டக் கொண்டுபோய்ப் பெருப்பிச்சுப் பாக்கலாம். காலமையில போங்கோ, ஏனெண்டால் பொழுதுபட வாகைச் சாதி மரங்கள் கனக்க இலையை மூடிப்போடும், பிறகு எண்ணவும் ஏலாது அளக்கவும் ஏலாது. கோயில் மரமெண்டால் கொப்பு முறிக்காதேங்கோ, கீழ விழுந்து கிடக்கிற சின்னக் கொப்பு ஒண்டே காணும். ஆனா விழுந்த தனி இலை காணாது. அதுதான் முதல் பாடம்.

இலை எங்க தொடங்குது?

இதைத்தான் முதல் பழகோணும், மற்றதெல்லாம் பிறகு. ஒரு இலைக்காம்பு தடியோட சேர்ற கக்கத்தில சின்ன அரும்பு ஒண்டு இருக்கும், சில மரத்தில அது நல்லாத் தெரியும், சிலதில நகத்தால தடவிப் பாத்தால்தான் தட்டுப்படும். அந்த அரும்புக்கு மேல இருக்கிற முழுவதும் சேர்ந்துதான் ஒரு இலை. வேம்பை எடுங்கோ. நாங்கள் வேப்பிலை எண்டு ஒண்டொண்டாப் பிடுங்கிறது முழு இலையில்லை, அது சிற்றிலை. அதின்ர அடியில அரும்பு இருக்காது. அந்தச் சிற்றிலையெல்லாம் கோத்த நடு ஈர்க்கு தடியோட சேர்ற இடத்திலதான் அரும்பு இருக்கும், அதால அந்த முழு ஈர்க்கும்தான் ஒரு இலை. கீழ விழுந்து கிடக்கிற ஒண்டைப் பொறுக்கிக்கொண்டு வந்து இது என்ன மரம் எண்டு கேட்டா ஆரும் சொல்லேலாததுக்குக் காரணம் இதுதான், அது முழு இலையோ சிற்றிலையோ எண்டே தெரியாது.

இதைப் பிழைவிட்டால் என்ன நடக்கும் எண்டதுக்கு நல்ல உதாரணம் ஏழிலைப்பாலை. தூரத்தில பாத்தால் இலவு மாதிரி விரிஞ்ச கைவிரல் இலை எண்டுதான் தெரியும், கிட்டப்போய்ப் பாத்தால் ஒவ்வொரு இலையும் தடியில இருந்து தனித்தனியா, வட்டமாச் சுத்தி நிக்குது, ஏழெண்டும் இல்லை, நாலு தொடக்கம் எட்டு வரைக்கும் நிக்கும். இலவில அப்பிடியில்லை, ஒரு நீளக் காம்பின்ர நுனியில இருந்துதான் எல்லாச் சிற்றிலையும் விரியுது. ஏழிலைப்பாலை தனியிலை, இலவு சிற்றிலையெல்லாம் சேர்ந்த கூட்டிலை, இரண்டும் சொந்தமே இல்லாத இரண்டு குடும்பம்.

கொப்பில எப்பிடி அடுக்கியிருக்கு?

அரும்பைக் கண்டுபிடிச்சாச்செண்டால் இது லேசு. இலை ஒண்டு விட்டு ஒண்டா மாறி மாறி வருதோ, நேர் எதிரா இரண்டு இரண்டா வருதோ, மூண்டோ அதுக்கு மேலயோ சுத்தி வருதோ எண்டு பாருங்கோ. கனக்க மரம் மாறி மாறி வாற சாதிதான், அதால எதிர் எதிரா வந்தால் உடன கொப்பியில பெரிசா எழுதுங்கோ, பாதி மரங்களை அப்பவே கழிச்சுவிடலாம். புன்னை, பூமருது, பவளமல்லிகை, மரமல்லிகை, ரோபரோசியா எண்டு கொழும்புப் பக்கம் சொல்லுற ரோசாப்பூ நிறத் தபேபுயா, இதெல்லாம் எதிர் இலை.

அலரியில இது உடன உதவும். செவ்வலரி மூண்டு மூண்டாச் சுத்தி வாற தடிச்ச இலை. மஞ்சள் அலரி, அதான் மஞ்சள் குழல் பூப் பூத்து முக்கோணமாப் பச்சைக் காய் காய்க்கிறது, அதில ஒடுங்கின இலை ஒண்டொண்டாச் சுழண்டு ஏறும். இரண்டும் கடும் நஞ்சு, இலை, பூ, காய், விதை எல்லாமே. சின்னப் பிள்ளையள் விளையாடுற முத்தத்திலயும் ஆடு கட்டுற இடத்திலயும் இது நிண்டால் முதல் அடையாளம் காண வேண்டியது இதைத்தான். தேமா, அதைத்தான் ஈழத்தலரி எண்டும் சொல்லுறது, இலை முழுக்கக் கொப்பு நுனியில குவிஞ்சு கிடக்கும். தேமாவில இன்னொரு அடையாளம் இருக்கு. பக்க நரம்புகள் ஓரம் வரைக்கும் ஓடிப்போய் அங்க ஒரு கரைநரம்போட சேரும், வெளிச்சத்தில பிடிச்சால் இலையைச் சுத்தி கோடு போட்ட மாதிரித் தெரியும். நுனி கூரா இருந்து கோடையில இலை கொட்டினால் ஒரு சாதி, நுனி உருண்டையா இருந்து வருசம் முழுக்கப் பச்சையா நிண்டால் மற்றச் சாதி.

பொடி இலை மரங்கள்

எல்லாரும் தடக்குப்படுற இடம் இதுதான், அதால கொஞ்சம் நிண்டு சொல்லுறன். கூட்டிலையில முதல் கேள்வி, ஒருதரம் பிரிஞ்சதோ இரண்டுதரம் பிரிஞ்சதோ. நடு ஈர்க்கில நேரடியாச் சிற்றிலை இருந்தால் ஒருதரம். நடு ஈர்க்கில இருந்து பக்க ஈர்க்குகள் போய், அதிலதான் சிற்றிலை இருந்தால் இரண்டுதரம். புளியமரத்தைப் பாத்து இரண்டுதரம் எண்டு எழுதுற ஆக்கள் கனபேர், சிற்றிலை பொடியா இருக்கிறதால அப்பிடித் தோணும், ஆனா அது ஒருதரம்தான். சந்தேகமெண்டால் திரும்பவும் அரும்பைத் தேடுங்கோ.

இரண்டுதரம் பிரிஞ்சதில எங்கட பக்கம் அடிக்கடி பாக்கிறது ஐஞ்சு. மயில்கொன்றை, அதான் மே மாதமளவில சிவப்பாப் பத்தி எரியிறது, சொந்த இடம் மடகஸ்கார். சிற்றிலை ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவு, மெல்லிய பச்சை. பூ இல்லாத காலத்திலயும் பிடிக்கலாம்: இளங்கண்டில இலைக்காம்பின்ர அடியைப் பாருங்கோ, அங்க சீப்பு மாதிரிப் பிரிஞ்ச குட்டி இலையள் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு நிக்கும். பெரிய மரமெண்டால் காய் காணும், 30 தொடக்கம் 60 சென்ரிமீற்றர் வரைக்கும் நீளமான கறுத்தத் தட்டைக் காய் மாசக்கணக்காத் தொங்கும். பூவைக் கையில எடுத்தால் ஐஞ்சு இதழில ஒண்டு மட்டும் வெள்ளையும் மஞ்சளும் கலந்து புள்ளி போட்டிருக்கும். (வைக்கிறதெண்டால் மதிலுக்கும் கிணத்துக்கும் தள்ளி வையுங்கோ, வேர் நிலத்துக்கு மேலால ஓடி எல்லாத்தையும் வெடிக்கப் பண்ணும்.)

இயல்வாகையும் கிட்டத்தட்ட அதே இலைதான், ஆனா பச்சை கடும் பச்சை, சிற்றிலை கொஞ்சம் பெரிசு, நுனி மொட்டை. தளிரையும் மொட்டையும் தடவிப் பாத்தால் துருநிறத்தில மயிர் இருக்கும், மயில்கொன்றையில அது இல்லை. பூ மஞ்சள், கொத்து நிமிந்து நிக்கும். காய் ஒரு விரல் நீளம், செம்பு நிறம், இரண்டு ஓரமும் தகடு மாதிரி மெலிஞ்சிருக்கும். மரம் முழுக்கச் செம்பு நிறமாக் காய்ச்சுக் கிடந்தால் அரைக் கட்டைக்கு அப்பால நிண்டே சொல்லலாம்.

தூங்குமூஞ்சி மரத்தில பக்க ஈர்க்குகள் குறைவு, சிற்றிலை பெரிசு, அதுவும் நுனிக்குப் போகப் போக இன்னும் பெருக்கும், கடைசிச் சோடிதான் ஆகப் பெரிசு. ஒவ்வொரு சிற்றிலையும் நடுநரம்புக்கு ஒருபக்கம் அகலம், மற்றப்பக்கம் ஒடுக்கம். மழை இருட்டினால் பகலிலயும் மூடும். பூ அரைவாசி வெள்ளை அரைவாசி ரோசா நிற நூல்குஞ்சம், காய் சதைப்பிடிப்பா, உடைச்சால் பிசுபிசுக்கும், மாடு விரும்பித் தின்னும். உண்மையான வாகை எண்டது இதில்லை. வாகைக்கு இலை இதுக்குக் கிட்டத்தான், ஆனா சிற்றிலை ஒரே அளவா இருக்கும், பூ வெளிறின பச்சை கலந்த வெள்ளை, நல்ல மணம், காய் வைக்கோல் நிறத்தில கடுதாசி மாதிரிக் காய்ஞ்சு காத்துக்குச் சலசலக்கும். இலை முழுக்கக் கொட்டின நேரத்தில அந்தச் சத்தமே காணும்.

ஐஞ்சாவது இப்பில் இப்பில். அது வடிவுக்கு வைச்சதில்லை, தானா முளைச்சது. வெள்ளை உருண்டைப் பூ, கொத்துக் கொத்தாத் தட்டைக் காய். வளவு துப்பரவாக்கிறவை மயில்கொன்றைக் கண்டு எண்டு நினைச்சு இதைத் தண்ணி விட்டு வளப்பினம், இரண்டு வருசத்தில வேலி முழுக்க இதுதான் நிக்கும்.

ஒருதரம் பிரிஞ்ச கூட்டிலை

இங்க எண்ணிப் பாக்கோணும், நுனியில தனியா ஒரு சிற்றிலை நிக்குதோ, சோடியோட முடியுதோ எண்டு. கொன்றை சோடியில முடியும், 4 தொடக்கம் 8 சோடி வரைக்கும், சிற்றிலை உள்ளங்கை நீளம், மினுமினுக்கும். மஞ்சள் சரம் தொங்கிற காலத்தில ஆருக்கும் தெரியும், மற்ற நேரத்தில நீட்டுக் கறுத்தக் குழல் காயைத் தேடுங்கோ. மகோகனியும் சோடியில முடியும், ஆனா சிற்றிலையின்ர அடி கோணலா இருக்கும், காய் மரக்கட்டை மாதிரி நிமிந்து நிக்கும். புங்கு ஒற்றையில முடியும், 5, 7 எண்டு, இலை மினுமினுப்பு, காயில அனேகமா ஒரு விதைதான். சீமைக்கிளுவையும் ஒற்றைதான், ஆனா சிற்றிலை கூட, மெல்லிசு, பின்பக்கம் ஊதாப் புள்ளி விழுந்திருக்கும், எங்கட வேலிக் கதியாலில பாதி அதுதானே.

மூண்டு சிற்றிலை எண்டால் எங்கட பக்கம் முக்கியமா மூண்டு மரம். முள்முருக்கு, கலியாணத்துக்குக் கன்னிக்கால் ஊண்டுறது, நடுச் சிற்றிலை ஆக அகலம், தண்டில கறுத்த முள்ளு. வில்வம், சிவன் கோயிலில நிக்கும், ஒரு சிற்றிலையை வெயிலுக்கு நேரப் பிடிச்சால் ஊசி குத்தின மாதிரி வெளிச்சப்புள்ளியள் தெரியும், கசக்கினால் மணக்கும், முள்ளு நேரா நீளமா இருக்கும். மாவிலங்கு முள்ளில்லாதது, பூவில கேசரம் (நுனியில மகரந்தம் இருக்கிற நூல்) நீட்டு நீட்டா வெளியில நிக்கும். கைவிரல் இலைக்கு இலவைச் சொல்லியாச்சு, எதிர் இலையில சொன்ன ரோபரோசியாவும் கைவிரல் இலைதான், நெடுந்தீவுக்கோ மன்னாருக்கோ போனால் பெருக்குமரத்தையும் பாருங்கோ, அதுவும் அப்பிடித்தான். இலை கொட்டின காலத்தில அந்தத் தண்டின்ர பருமனே அடையாளம்.

தனியிலை மரங்கள்

நெட்டையா, கூம்பா, மதிலோரமா வரிசைக்கு நிக்கிறதை எல்லாரும் அசோகு எண்டு சொல்லுறம். அது நெட்டிலிங்கம். தனியிலை, நீளம், ஓரம் அலை அலையா இருக்கும், கீழ நோக்கித் தொங்கும். உண்மையான அசோகு கூட்டிலை, சோடியில முடியும், தளிர் செம்பு நிறத்தில துவண்டு தொங்கும், பூ செம்மஞ்சள் கொத்தாத் தண்டிலயே பூக்கும், ஈரமும் நிழலும் விரும்பிற மரம். நேர்சரியில அசோகு எண்டு சொல்லித் தந்தால் இலையைப் பாத்துப்போட்டுக் காசைக் குடுங்கோ, அலை ஓரமெண்டால் நெட்டிலிங்கம்.

இதய வடிவ இலையில பூவரசு, அரசு, நீர்ப்பருத்தி மூண்டும் குழப்பும். அரசுக்கு நுனியில நீட்டு வால் இருக்கும், காம்பை முறிச்சால் வெள்ளைப் பால் வரும். பூவரசுக்கு நுனி கூர்தான், வாலில்லை. பூ மஞ்சள், உள்ளுக்குக் கருஞ்சிவப்பு, வாடேக்க முழுப்பூவும் சிவந்துபோகும். நீர்ப்பருத்தி இலை கிட்டத்தட்ட வட்டம், பின்பக்கம் வெளிறின பூந்துவாய் மாதிரி மெதுமெதுவெண்டு இருக்கும். இப்பிடிக் குழம்பினால் ஆடு வளக்கிற அம்மாமாரைக் கேளுங்கோ, "உது என்ன குழை?" எண்டு கேட்டால் காணும், வாழ்நாள் முழுக்கக் கொக்கத்தடியோட திரிஞ்சவை, எந்தப் புத்தகத்தையும் விட அவைக்கு இலை தெரியும். தோட்டத்துக்குப் பசளையாக் குழை தாட்ட பழைய கமக்காரரும் அப்பிடித்தான்.

மந்தாரை லேசு, நுனி இரண்டாப் பிரிஞ்ச இலை வேற ஒண்டிலும் இல்லை. ஆனா எந்த மந்தாரை எண்டு இலையில சொல்லுறது கஷ்டம், பூவுக்குள்ள கேசரத்தை எண்ணுங்கோ. ஊதாவில முழு வளர்ச்சியான கேசரம் 3 இருந்தால் ஒரு சாதி, 5 இருந்தால் இன்னொரு சாதி, வெள்ளைப்பூவில 10 இருந்தால் வெள்ளை மந்தாரை, மஞ்சள் பூவெண்டால் திருவாத்தி.

மகிழமும் புன்னையும் கோயில் வீதியில பக்கத்துப் பக்கத்தில நிக்கும். புன்னையில எதிர் இலை, பக்க நரம்பு இழை இழையா நெருங்கி ஒரே நேரா ஓடும், அந்த நரம்பு ஒருக்காப் பாத்தால் மறக்காது. மகிழம் மாறி மாறி வாறது, ஓரம் அலை, பூ நட்சத்திரம் போலச் சின்னன், காய்ஞ்சாலும் மணம் போகாது. வாதுமை நுனிப்பக்கம் அகண்ட பெரிய இலை, கொப்பு தட்டுத் தட்டா விரியும், இலை சிவந்து விழும். நாகலிங்கத்துக்கு இலையைத் தேடத் தேவையில்லை, அடித்தண்டிலயே பூவும் குண்டு மாதிரிக் காயும். பவளமல்லிகை இலையைத் தடவினால் அரத்தாள் மாதிரிச் சொரசொரக்கும், இளந்தண்டு நாலு மூலை.

சவுக்கை மட்டும் தனியாச் சொல்லோணும். காரைநகர் கசூரினா கடற்கரையிலயும் மணற்காட்டிலயும் பாக்கிறீங்களே, அந்தப் பச்சை ஊசி இலையில்லை, அது தண்டு. இரண்டு கையாலயும் பிடிச்சு இழுத்தால் கணுக் கணுவாக் கழரும், ஒவ்வொரு கணுவிலயும் 6 தொடக்கம் 8 வரைக்கும் பல்லு மாதிரிச் சின்னச் செதில் சுத்தி நிக்கும், அந்தச் செதில்தான் இலை.

பால், மணம், பட்டை

காம்பை முறிச்சால் பால் வருதோ எண்டு பாக்கிறது நல்ல சோதினை, ஆல், அரசு, தேமா, ஏழிலைப்பாலை எல்லாம் அதில பிடிபடும். ஆனா கண்ணில படக்கூடாது, பாத்த உடன கை கழுவோணும், எதையும் வாயில வைச்சு ருசி பாக்காதேங்கோ. பட்டையில மரமல்லிகை தக்கை மாதிரி வெடிச்சிருக்கும், பூமருது பட்டை தோல் உரியும், இலவின்ர இளந்தண்டில கூம்பு முள்ளு. பழைய பெரிய மரத்துப் பட்டையைப் பழகோணுமெண்டால் யாழ்ப்பாணத்தில 'பழைய பூங்கா' எண்டு சொல்லுற இடத்துக்குப் போங்கோ, 19ஆம் நூற்றாண்டில அரசாங்க அதிபரா இருந்த பேர்சிவல் அக்லன்ட் டைக் உண்டாக்கின பூங்கா அது, ஆறுதலா நடந்து பாக்கலாம்.

இலை ஏமாத்திற இடங்கள்

நிறத்தை நம்பாதேங்கோ. எங்கட நிலம் சுண்ணாம்புக் கல், கிணத்துத் தண்ணியும் அப்பிடித்தான், அதால கனக்க மரத்துக்கு இரும்புச்சத்துக் கிடையாமல் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிக்கும். அது வேற சாதியில்லை, சத்துக் குறைபாடு. வெட்டின அடிக்கட்டையில இருந்து வாற கொழுத்த தளிரில இலை இரண்டு மடங்கு பெரிசா இருக்கும், நிழலில வளந்த இலையும் பெரிசு, அதால வெயில் படுற கொப்பில, முத்தின இலையாப் பாத்து அளவுங்கோ, ஒண்டை அளந்து எழுதாமல் நாலைஞ்சு அளவுங்கோ. புரட்டாதிக்குள்ள கோடை வெயிலில இலை கொட்டி மொட்டையா நிக்கிற மரத்தைப் பாத்துப் பட்டுப்போச்செண்டு வெட்டிப்போடாதேங்கோ, ஐப்பசி மழை வரட்டும்.

போன் ஆப்

பிளான்ற்நெற், கூகிள் லென்ஸ் இரண்டும் உதவும், ஆனா சும்மா ஒரு இலையைப் படமெடுத்துப் போட்டால் கண்டபடி சொல்லும். முழுக் கூட்டிலையும் தடியோட சேர்ந்து ஒரு படம், இலையின்ர பின்பக்கம் ஒண்டு, பட்டை ஒண்டு, பூவோ காயோ இருந்தால் ஒண்டு எண்டு எடுங்கோ. ஆப் மூண்டு நாலு மரத்தின்ர பேர் சொல்லும், முதல் சொன்னதையே பிடிச்சுக்கொண்டு நிக்காமல் அரும்பு, அடுக்கு, பிரிவு மூண்டையும் வைச்சு ஒண்டொண்டாக் கழியுங்கோ. எதிர் இலை எண்டு கொப்பியில எழுதியிருக்க ஆப் மாறி வாற இலை மரத்தைச் சொன்னால் கொப்பியைத்தான் நம்போணும். ஊர்ப்பேரோட விஞ்ஞானப் பேரையும் எழுதிவையுங்கோ, ஏனெண்டால் வாகை எண்டு இஞ்ச ஒரு மரத்தையும் வவுனியாவில இன்னொண்டையும் சொல்லலாம்.

தொடங்கிறதுக்கு உங்கட ஒழுங்கையிலயே ஒரு பத்து மரம் காணும். பூ இல்லாத மரத்தை முடிவுகட்ட அவசரப்படாமல், முழு இலையோட சின்னக் கொப்பு ஒண்டைப் பழைய பேப்பருக்குள்ள விரிச்சு, மேல பாரமான புத்தகம் ஏத்தி, ஈரம் போகுமட்டும் பேப்பரை மாத்தி மாத்திக் காயவிடுங்கோ. பேப்பர் ஓரத்தில திகதி, இடம், பால் வந்ததோ, பூவின்ர நிறம் இதையெல்லாம் அண்டைக்கே எழுதோணும், காய்ஞ்ச பிறகு நிறமும் மணமும் இருக்காது. பிறகு பூ வாற மாசம் அதே மரத்தடிக்குப் போய் அந்தப் பேப்பரிலயே மிச்சத்தை எழுதுங்கோ.